மார்செல்லஸ் அரங்கைச் சுவரில் மாட்டிய கதை: மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இலவசப் படச் சேவை

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், பதிப்புரிமைக் காலம் கடந்த தன் சேகரிப்புகளின் படங்களை 2017 பிப்ரவரி முதல் கட்டணமும் முன் அனுமதியும் இல்லாமல் எவரும் பயன்படுத்தத் தந்து வருகிறது. பழைய ரோமின் இடிபாடுகளை முதன்முதலில் ஒளிப்படமாக்கியவர்களைத் தேடிப்போகும் என் போன்றோருக்கு இது பெரிய கொடை.

நான் பதிவிறக்கியது ராபர்ட் மேக்பெர்சன் 1858இல் எடுத்த, ரோமின் பழைய நாடக அரங்கான மார்செல்லஸ் அரங்கின் படம். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, ஓவியராக ரோமில் குடியேறி, 1851இல் ஒளிப்படத்துக்கு மாறியவர் அவர். சீசர் தொடங்கி அகஸ்டஸ் கட்டி முடித்த அந்த அரங்கின் கீழ்த்தளம் பாதி மண்ணில் புதைந்து கிடக்க, அதன் வளைவுகள் கடைகளாகியிருந்த காலத்துப் படம் அது. திரையில் பெரிதாக்கினால் அரித்துப்போன தூண்களின் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படுவதுபோல் இருக்கிறது. முசோலினி ஆட்சியில் கடைகளை அகற்றி மண்ணையும் தோண்டிவிட்டதால், இன்று ரோமுக்கே போனாலும் இக்காட்சி கிடைக்காது.

தேடும்போது ஒளிப்படக்காரரின் பெயரை ஆங்கிலத்தில் கொடுப்பது நல்லது; நினைவுச்சின்னத்தின் பெயரைக் கொடுத்தால் பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரனேசியின் செதுக்கோவியங்களும் சேர்ந்து வந்து நிற்கும்.

பதிவிறக்கியதை அச்சிடக் கொடுத்த இடத்தில்தான் சிக்கல். முட்டை வெண்கருவும் உப்பும் பூசிய தாளை வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, எதிர்மறைத் தகட்டோடு (நெகட்டிவ்) சேர்த்து வெயிலில் வைத்து எடுத்த படங்கள் இவை. தங்க உப்பில் நிறமேற்றுவதால் ஊதா கலந்த பழுப்பு வந்துவிடும். அக்காலத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உள்வாங்கியதால் வானம் பெரும்பாலும் வெறும் வெளுப்பாகவே பதியும். நான் கொடுத்த அச்சகத்திலோ பழுப்பை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கி, வானத்துக்குச் சாம்பல் நிறமும் ஏற்றி, “வானம் வெளுத்துக் கிடந்தது, சரிசெய்துவிட்டோம் சார்” என்று பெருமையாக நீட்டினார்கள்.

மறுபடி அச்சிடும்போது எதையும் திருத்த வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். பளபளப்பில்லாத (மேட்) தாளில் வளைவுகளின் இருள் செத்துப்போயிற்று. வெண்கருப் பூச்சுக்கே உரிய மெல்லிய பளபளப்புக்கு அரைப்பளபளப்புத் தாள்தான் ஓரளவு ஈடுகொடுத்தது.