மெமோயிசேஷன்: ஆப்ஜெக்டா, மேப்பா, வீக்மேப்பா?

ஒருமுறை கணக்குப் போட்ட விடையை எழுதி வைத்துக்கொண்டு, அதே கேள்வி திரும்ப வந்தால் எழுதியதைப் பார்த்துச் சொல்வதுதான் மெமோயிசேஷன். 1968-இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் டொனால்ட் மிக்கி இதற்கு 'மெமோ ஃபங்ஷன்' என்று பெயர் வைத்தார். ஃபிபோனாச்சி வரிசையில் 40-ஆவது எண்ணைச் சாதாரண ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே திரும்ப அழைக்கும் முறை) கேட்டால் ஃபங்ஷன் 33 கோடித் தடவைக்கு மேல் ஓடும். மெமோ போட்டால் 79 அழைப்பில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஃபங்ஷன் உள்ளே தன்னை அழைக்கும்போதும் மெமோ போட்ட பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். இல்லையென்றால் பழைய 33 கோடியேதான்.

சரி, விடையை எங்கே எழுதி வைப்பது? ஜாவாஸ்கிரிப்ட்டில் பலரும் முதலில் எடுப்பது வெறும் ஆப்ஜெக்ட். எழுத எளிது, ஆனால் அதன் கீ (விடையைத் தேட வைக்கும் பெயர்) எல்லாமே ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஆகிவிடும். எண் 1-உம் எழுத்து '1'-உம் அதற்கு ஒன்றுதான். பயனர் தரும் சொல்லைக் கீயாக வைத்தால் இன்னொரு வம்பு: 'கன்ஸ்ட்ரக்டர்' (constructor) என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று 'இன்' (in) போட்டுப் பார்த்தால், ஆப்ஜெக்ட் அந்தப் பெயரைப் பிறப்பிலேயே கொண்டுவருவதால், நாம் எதுவும் வைக்காமலே 'இருக்கிறது' என்று பதில் வரும்.

2015-இல் வந்த மேப்பில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. 1 வேறு, '1' வேறு. தனக்குத் தானே சமமில்லாத NaN-ஐக்கூட ('எண் அல்ல' என்று காட்டும் மதிப்பு) சரியாகக் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஃபங்ஷனுக்கு ஒரே ஆர்க்யுமென்ட் (உள்ளே தரும் மதிப்பு), அதுவும் எண்ணோ ஸ்ட்ரிங்கோ என்றால் நான் யோசிக்காமல் மேப்தான் எடுப்பேன். ஆப்ஜெக்டுக்கு இங்கே ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆர்க்யுமென்ட் இரண்டானால்தான் உண்மையான தலைவலி. ஒரு பில்லிங் வேலையில் தொகை, வரி விகிதம் இரண்டையும் வாங்கும் ஃபங்ஷனை லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மெமோயிஸில் சுற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். 5 சதவீதத்துக்கு வந்த விடையே 18 சதவீதத்துக்கும் வந்தது. தப்பு என்னுடையதுதான்: கீ எப்படி அமைய வேண்டும் என்று நாமாக ஒரு ரிசால்வர் கொடுக்காவிட்டால், அது முதல் ஆர்க்யுமென்டை மட்டுமே கீயாக எடுக்கும். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

எல்லா ஆர்க்யுமென்டையும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை செய்து (ஒரே ஸ்ட்ரிங்காக மாற்றி) கீயாக்குவது இணையத்தில் அதிகம் சுற்றும் வழி. எண், ஸ்ட்ரிங் என்றால் பெரும்பாலும் ஓடும். ஆனால் NaN, இன்ஃபினிட்டி, நல் (null, அதாவது வெறுமை) மூன்றும் அதில் 'நல்' என்றே ஆகும். மேப்பும் செட்டும் வெற்று அடைப்புக்குறிகளாகிவிடும். தன்னையே சுட்டும் ஆப்ஜெக்ட் வந்தால் எரர். ஒரே விவரம் வேறு வரிசையில் இருந்தால் வேறு கீ. அப்புறம், பெரிய ஆப்ஜெக்டை ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரிங்காக்கும் நேரத்தில் அசல் கணக்கையே முடித்துவிடலாம்.

ஆப்ஜெக்டையே கீயாக வைக்க வேண்டுமென்றால் வீக்மேப். அந்த ஆப்ஜெக்டை வேறு யாரும் பிடித்திராதபோது கேஷில் (எழுதி வைத்த விடைகளின் சேமிப்பு) இருக்கும் பதிவும் தானாகப் போய்விடும், மெமரி அடைபடுவதில்லை. எண்ணும் ஸ்ட்ரிங்கும் இதில் கீயாகாது. அதே ஆப்ஜெக்டை உள்ளே மாற்றிவிட்டு அழைத்தால் பழைய விடைதான் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

சாதாரண மேப் தானாகக் காலியாகாது. சர்வரில் மாதக்கணக்கில் ஓடினால் அது வீங்கிக்கொண்டே போகும். மேப் சேர்த்த வரிசையை நினைவில் வைப்பதால், ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் முதல் கீயை நீக்கினாலே போதும். திரைகளை உருவாக்கும் நூலகமான ரியாக்ட்டின் யூஸ்மெமோ போல, கடைசி விடையை மட்டும் வைப்பதும் திரை வேலைக்குப் பெரும்பாலும் தாராளம்.

அசிங்க் ஃபங்ஷன் (விடை பிறகு வரும் ஃபங்ஷன்) என்றால் விடையை அல்ல, ப்ராமிஸையே (வரப்போகும் விடைக்கான சீட்டு) சேமியுங்கள். ஒரே நேரத்தில் பத்து பேர் கேட்டாலும் ஒரே கோரிக்கைதான் போகும். அது தோற்றால் கேட்ச்சில் (எரரைப் பிடிக்கும் இடம்) அந்தக் கீயை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெட்வொர்க் திரும்பிய பிறகும் அதே பழைய எரர்தான் வந்துகொண்டிருக்கும்.