கப்பலேறுவதற்கு முந்தைய இரவு: கோட்டையா, நீர்கொழும்பா?

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறவிருப்பவர் முதல்நாள் இரவை எங்கே கழிப்பது என்பது, அவர் எவ்வழியாக வருகிறார் என்பதைப் பொறுத்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் நள்ளிரவுக்குப் பின் இறங்குவோருக்கு அருகிலுள்ள நீர்கொழும்பு வசதியானது, கடற்கரையும் உண்டு. ஆனால், 2013இல் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை கொழும்பின் விளிம்பிலுள்ள பேலியகொடை வரை விரைவாகக் கொண்டுவந்து சேர்த்தாலும், அதற்கப்பால் கொள்கலன் லொறிகளும் அலுவலக நேர நெரிசலும் சேர்ந்து எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

துறைமுகத்தை அடுத்துள்ள கொழும்பின் கோட்டைப் பகுதியில் தங்குபவருக்கு இந்தக் கவலை பெரிதும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வருவோர் கோட்டை நிலையத்தில் இறங்கி, முச்சக்கரவண்டியில் சிறிது நேரத்தில் விடுதியை அடையலாம். 1875இல் தொடங்கிய கிராண்ட் ஒரியண்டல் விடுதி துறைமுகத்தை ஒட்டியே நிற்கிறது. மறந்துபோன மருந்து, குடை போன்றவற்றை அருகிலுள்ள கடைவீதியான புறக்கோட்டையில் வாங்கலாம். மாலையில் நேரமிருந்தால் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலுக்கும் போய்வரலாம். அலுவலகங்கள் மூடியபின் கோட்டைத் தெருக்கள் வெறிச்சோடுவதால், இரவு உணவை முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது. துறைமுகம் கண்ணெதிரே தெரிந்தாலும் விரும்பிய வாயிலால் உள்ளே நுழைய முடியாது. பயணிகளுக்குரிய வாயில் எதுவெனக் கப்பல் முகவரிடம் கேட்டறிந்த பின்பே விடுதியைப் பதிவுசெய்ய வேண்டும். நள்ளிரவு விமானம் என்ற ஒரு காரணம் தவிர, நீர்கொழும்பைத் தெரிவுசெய்ய எனக்கு வேறு நியாயம் தென்படவில்லை.