செகண்ட் ஹேண்ட் டொயோட்டா 86: துபாயில் நான்கு வருடம்

2021 அக்டோபரில் வாங்கும்போது மீட்டரில் 78,000 கிலோமீட்டர். இப்போது 1,36,000. இடையில் மூன்று தடவை விற்றுவிடலாம் என்று தோன்றியது. மூன்று தடவையும் வீட்டுக்கு வரும் வழியில் ஏதோ ஒரு ரவுண்டானா மனதை மாற்றிவிட்டது.

கையில் இருந்தது 55,000 திர்ஹம். அந்தப் பணத்துக்கு இங்கே பழைய அமெரிக்க வி8 வண்டிகள் கிடைக்கும், பார்க்கவும் மிரட்டலாக இருக்கும். இரண்டை ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் 120 வந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன செய்ய? கேமராவுக்குச் சிரிக்க வேண்டியதுதான்.

86 வேறு ஜாதி. 1,998 சிசி எஞ்சின், டர்போ கிடையாது, 200 குதிரைசக்தி, எடை சுமார் 1,250 கிலோ, பின்சக்கர ஓட்டம், ஆறு கியர் மேனுவல். 0-100க்குக் கம்பெனி சொல்வதே 7.6 விநாடி. இன்றைக்கு சில குடும்ப எஸ்யுவிகள்கூட அதைவிட வேகம். ஆனால் இரண்டாவது கியரில் 7,400 ஆர்பிஎம் வரை இழுத்தாலும் வண்டி 100ஐத் தொடாது. ஷேக் சயீத் ரோட்டில் ஏறும் ஒரு சின்ன ஸ்லிப் ரோட்டுக்குள் எஞ்சின் முழுவதையும் பயன்படுத்திவிடலாம், அபராதமும் வராது. எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

தேடல் இரண்டு மாதம் இழுத்தது. முதலில் பார்த்தது ஒரு ஷோரூமில் நின்ற அமெரிக்க இறக்குமதி. பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. "ஜீரோ ஆக்சிடென்ட், பாய்" என்றார் விற்பவர். பானெட்டைத் திறந்தால் இரண்டு ஃபெண்டர் போல்ட்டுகளிலும் ஸ்பானர் கடித்த தடம், பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. இடது ஹெட்லைட் கொஞ்சம் மஞ்சள், வலது புத்தம் புதுசு. சேசிஸ் நம்பரை இணையத்தில் போட்டதும் அதே வண்டி அங்கே ஏல யார்டில் மூக்கு நசுங்கி, ஏர்பேக் தொங்க நிற்கும் படம் வந்தது. போனை அவரிடம் காட்டினேன். கொஞ்சமும் அசராமல், "அதான் நல்லா ரிப்பேர் பண்ணியாச்சே" என்றார்.

இங்கே பழைய கூப்பே (இரண்டு கதவு கார்) வாங்கப் போகிறவர்கள் ஜிசிசி ஸ்பெக்கா, அதாவது வளைகுடா நாடுகளுக்கென்றே தயாரான வண்டியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாடலில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஜப்பானில் தயாரான டொயோட்டாக்களின் சேசிஸ் நம்பர் பொதுவாக ஜே.டி. என்று தொடங்கும், 86இல் ஜே.எஃப். என்றிருக்கும். போலி என்று பயப்பட வேண்டாம். வண்டியைக் கட்டியது சுபாரு, சிலிண்டர்கள் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சினும் அவர்களுடையதுதான். டொயோட்டா உதிரிபாகக் கவுன்டரில்கூட இதன் பாக எண்கள் 'எஸ்யு003' என்று தனியாகத் தொடங்கும். கவுன்டர் பையன் முதல் தடவை திருதிருவென்று விழித்தான்.

வருடமும் முக்கியம். 2018இல் வால்வு ஸ்பிரிங் காரணமாக சுபாரு ஒரு பெரிய ரீகால் அறிவித்தது, அதாவது குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆரம்ப கால 86களும் அதில் சேர்ந்தன. எஞ்சின் படுத்திருக்கும் வகை என்பதால் ஸ்பிரிங்கை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலை நடந்ததா, யார் செய்தார்கள், எப்படி மூடினார்கள் என்று துப்பறிய எனக்குப் பொறுமையில்லை. 2014க்கு அப்புறம் வந்த வண்டிதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கடைசியில் கிடைத்தது 2015 மாடல், வெள்ளை, ஜிசிசி. ஊருக்குத் திரும்பப்போகும் ஒரு ஃபிலிப்பினோ இளைஞருடையது. நான் போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பாரோ என்று போனதும் பானெட்டில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். வேறு வண்டியாக இருந்தால் அப்படியே ஓடியிருப்பேன். இது பெட்ரோல் பம்ப் சத்தம், இந்த எஞ்சினில் சகஜம் என்று படித்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் ஃபைலில் ஆறு வருட ரசீதும் வரிசையாக இருந்தது; கியர் ஆயில் மாற்றியதற்குக்கூட ரசீது. எனக்கு அந்த ஃபைல் அலாய் வீலைவிட அழகாகத் தெரிந்தது.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எனக்குத் தெரிந்த கோழிக்கோட்டுக்கார மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, பத்து நிமிடம் பேசவேயில்லை. அப்புறம் கீழே வந்து கையைத் துடைத்தபடி, "பாடி ஓகே அண்ணா. கிளட்ச் மட்டும் ஆறு மாசம்" என்றார். "சேட்டா, உறுதியா?" என்றேன். "ஏழு மாசம் போனா உங்க பாக்கியம்." அதைச் சொல்லியே 3,000 குறைத்து 51,000க்கு முடித்தேன். கிளட்ச் எட்டு மாதம் ஓடியது. செட், பேரிங், கூலி எல்லாம் சேர்ந்து 3,100.

சரி, தினசரி எப்படி? உண்மையைச் சொன்னால் முதல் ஒரு மாதம் ஏமாற்றம்தான். 120இல் ஆறாவது கியரில் எஞ்சின் 3,200இல் சுற்றும். டயர் இரைச்சலில் பாட்டு கேட்காது. முந்த நினைத்து ஐந்தாவதுக்கு இறக்கினால் 4,100. இந்த எஞ்சினின் டார்க் (இழுவிசை) வரைபடத்தில் 3,500க்கும் 4,500க்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு, சரியாக அதில் போய் விழும். பெடலை அமுக்குகிறோம், சத்தம் வருகிறது, வண்டி வரவில்லை. பின்னாலேயே லேண்ட் க்ரூஸர் விளக்கை வெட்டிக்கொண்டு நிற்கும். ஐந்தாவதைத் தாண்டி நேராக நான்காவதுக்கு இறக்கினால் 5,000. அங்கேதான் இந்த எஞ்சின் கண் விழிக்கும். இதைக் கை பழக ஒரு மாதம் ஆனது. பழகியபின் அந்தப் பள்ளம் இருப்பதே மறந்துவிட்டது. பழகாதவர் ஓட்டிப் பார்த்தால் "இதுக்கா இவ்ளோ பில்டப்?" என்று கேட்பார். என் மச்சான் கேட்டார்.

கோடையில் கறுப்பு டேஷ்போர்டு அடுப்பு. ஏசி தாக்குப்பிடிக்கிறது, ஆனால் மதியம் வெயிலில் நிறுத்தியிருந்தால் கியர் நாபை வெறும் கையால் தொட முடியாது. அதற்கென்று ஒரு பழைய சாக்ஸ் மாட்டி வைத்திருக்கிறேன். பேட்டரி இரண்டு கோடைக்கு ஒன்று, இங்கே எல்லா வண்டிக்கும் உள்ள விதி. ஸ்பார்க் பிளக் மாற்றுவதுதான் கொடுமை. எஞ்சின் படுத்திருப்பதால் பிளக்குகள் இரண்டு பக்கச் சுவரையும் பார்த்து ஒளிந்திருக்கின்றன. சேட்டன் அரை நாள் மல்லுக்கட்டினார், கை முட்டியில் சிராய்ப்பு வேறு. ஆயில் ஃபில்டர் மட்டும் மேலேயே, கைக்கு எட்டும் இடத்தில். அதை வைத்தவர் புண்ணியவான்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஜெபல் ஜெய்ஸில். ராஸ் அல் கைமாவில் உள்ள அந்த மலைச் சாலைக்குக் குளிர்காலச் சனிக்கிழமைகளில் விடியும் முன் போய்விடுவேன். இந்த வண்டிக்காகவே போட்ட சாலை மாதிரி இருக்கும். 2023 ஜனவரியில் இறங்கும்போது கியரைக் குறைத்து வருவதற்குப் பதில் பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வந்தேன். பாதியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது கியருக்கு இறக்கி, கைபிரேக்கை மெல்ல இழுத்து, காட்சிமேடை ஒன்றில் ஒதுங்கி நின்றேன். காலெல்லாம் நடுக்கம். வண்டி மேல் தப்பில்லை. வாங்கியதிலிருந்து பிரேக் ஆயிலை நான் மாற்றவேயில்லை. ஈரம் சேர்ந்த பழைய ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தால் பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் இருப்பது ஆவிதான். அந்த வாரமே புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றினேன். இப்போது வருடம் தவறாமல் மாற்றுகிறேன், 150 திர்ஹம்.

இன்னொரு தப்பு டயர். புது 86 கம்பெனியிலிருந்து வந்தது 215 மி.மீ. அகல மிஷெலின் பிரைமசி டயருடன் (215/45 ஆர்17). டொயோட்டாவின் சிக்கன ஹைப்ரிட் காரான ப்ரியஸுக்கும் அதே வகை டயர் உண்டு என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்வார்கள். நானும் அந்தக் கிண்டலை நம்பி, அகலமான அலாயும் சாலையைக் கவ்விப் பிடிக்கும் 235 டயரும் வாங்கிப் போட்டேன், 4,800 காலி. நிறுத்தினால் ஜம்மென்று இருந்தது. ஓட்டினால் உயிர் போய்விட்டது. ரவுண்டானாவில் நாற்பதில் திரும்பும்போதே பின்பக்கம் லேசாக இடுப்பை அசைத்து, "இதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த வண்டி, இப்போது தண்டவாளத்தில் போவது போல மௌனமாகத் திரும்பியது. அந்த அசைவு திரும்ப வேண்டுமானால் பொதுச்சாலையில் போகக்கூடாத வேகத்துக்குப் போக வேண்டும். இருநூறு குதிரைக்கு எவ்வளவு பிடிப்பு போதும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் குறுகிய டயரைக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் பழையதையே மாட்டினேன்.

வீட்டில் வரவேற்பு கலவை. விசிட் விசாவில் வந்த அம்மா முதல் தடவை ஏறியதும், "என்னடா, திண்ணைக்குக் கீழ உக்கார வெச்சிருக்க" என்றார். இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த தடவையிலிருந்து டாக்ஸிதான். பின்சீட்டில் பெரியவர்கள் உட்காரவே முடியாது. மகனுக்கு ஒன்றரை வயதில் சைல்ட் சீட் கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது ஐந்தரை வயது, கால் நேராக என் முதுகில்.

பெட்ரோல் 98 ஆக்டேன்தான் ஊற்றுகிறேன், லிட்டருக்குப் பத்து, பத்தரை கிலோமீட்டர் கொடுக்கிறது. போன வருட இன்சூரன்ஸ் 2,300. இரண்டு கதவு என்றாலே கூடுதலாகக் கேட்கிறார்கள். 2.4 லிட்டர் எஞ்சினோடு வந்த புது ஜிஆர்86ஐயும் ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் போயே போச்சு, மூன்றாவதிலேயே இழுக்கிறது. எல்லா விதத்திலும் மேல்தான். மாதத் தவணையைக் கேட்டதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்க வேண்டும். முன் டயர்களில் தேதி முத்திரை 4720, அதாவது 2020இன் 47ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயர் அதற்கான வண்டிச் சோதனையில், அதாவது பாஸிங்கில் நிற்காது. நேற்றே கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "பாஸ், ஸ்போர்ட்ஸ் காருக்கு 225வாவது போடுங்க, நல்லா இருக்கும்" என்றான் கடைப் பையன். 215தான் என்று சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன்.