ஒரிஜினல் டாரட் டெக் உண்டு, பில் மட்டும் கிடையாது

சென்னையில் டாரட் கார்டு, அதாவது குறி பார்க்கப் பயன்படுத்துகிற படச் சீட்டுக்கட்டு (டெக்), வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இதுக்கெல்லாம் பில் போடக் கூடாது சார், கார்டோட எனர்ஜி போயிடும்" என்று யாராவது சொன்னால், கொடுத்த கிரீன் டீயைக் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். அந்த எனர்ஜிக் கதையைச் சொல்லித்தான் என்னிடம் 2,650 ரூபாய் கறந்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது எவனோ ஸ்கேன் செய்து அடித்த ஒரு அட்டைக் கட்டு.

நான் குறி பார்க்கிறவன் இல்லை. புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை, காலண்டர் என்று லேஅவுட் வேலை செய்து பிழைக்கிறவன். ரைடர் வெயிட் ஸ்மித் டெக் மீது ஆசைப்பட்டது அதிலுள்ள படங்களுக்காக. மொத்தம் 78 கார்டு. அதில் சூரியன், நிலா, காதலர்கள் என்று தனித்தனிப் பெயருள்ள 22 கார்டு பெரிய அர்க்கானா; கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகையாக வருகிற 56 கார்டு சின்ன அர்க்கானா. 1909 டிசம்பரில் லண்டனில் வெளியானது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருடையது, போட்டது ரைடர் பதிப்பகம், வரைந்தது பமேலா கோல்மன் ஸ்மித். ரொம்ப காலம் வரைக்கும் முதல் இரண்டு பெயரைச் சொல்லித்தான் இந்த டெக்கை விற்றார்கள், வரைந்தவர் பெயர் காணாமல் போயிருந்தது. அட்டைப்படம் போடுகிற எங்களுக்கு இது ஒன்றும் புதுக் கதை இல்லை என்பதால் மேலே போகிறேன்.

ஸ்மித்துக்கு முன்னால், டாரட் கட்டுகளில் சின்ன அர்க்கானா பெரும்பாலும் சாதாரணச் சீட்டுக்கட்டு மாதிரிதான் இருக்கும். கோப்பை ஏழு என்றால் ஏழு கோப்பை, வாள் ஒன்பது என்றால் ஒன்பது வாள், அவ்வளவுதான். பிரான்ஸின் மார்சேய் வகைக் கட்டு இன்றைக்கும் அப்படித்தான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா போல விதிவிலக்கு உண்டு, ஆனால் அபூர்வம். ஸ்மித் அந்த 56 கார்டுக்கும் ஒவ்வொரு காட்சி வைத்தார். காசு ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டுகிறது. மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல். அதற்குக் கீழே கவட்டுக்கட்டை ஊன்றி ஒருவன், போர்த்திக்கொண்டு வெறுங்காலோடு ஒருத்தி. இரண்டு பேரும் ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். வாள் ஒன்பதில் தூக்கம் கலைந்து படுக்கையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிற ஆள். மடியில் கிடக்கிற போர்வையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், கட்டம் கட்டமாக ஒன்றில் ரோஜா, அடுத்ததில் ராசி, கிரகக் குறிகள். கட்டிலின் பக்கப் பலகையில் ஒருவனை ஒருவன் சாய்க்கிற சண்டைச் செதுக்கல். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கார்டில் இவ்வளவு வேலை.

நாடகக்காரர்களோடு சுற்றியவர் ஸ்மித். லண்டன் லைசியம் தியேட்டர் குழுவோடு பயணம் போயிருக்கிறார், பொம்மை அரங்கம் கட்டியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, பல கார்டுகளில் குறுக்கே ஒரு கோடு போட்டு, முன்னால் இருப்பதை மேடைத் தரையாகவும் பின்னால் இருப்பதைத் திரைச்சீலையாகவும் ஆக்கியிருக்கிறார். கார்டு மூலையில் பாம்பு சுற்றியது போலப் பின்னிக் கிடக்கிற கோடுகள் அவருடைய கையெழுத்து. 1909 நவம்பரில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், 80 படம் போட்டு ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டதாகவும் கிடைத்த காசு ரொம்பக் குறைவு என்றும் சொல்கிறார். 1951இல் இறந்தபோதும் கையில் ஒன்றும் இல்லை.

சரி, கடைக்கு வருவோம். அடையாறு பக்கம், ஒரு வீட்டின் மாடி. இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்திருக்கிறார்கள். உப்பு விளக்கு, கிரிஸ்டல், சாம்பிராணி, சன்னமாக ஒரு புல்லாங்குழல். மேஜையில் பிரித்து வைத்திருந்த டெக் அருமையான டெக், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் வாங்கிப் புரட்டினேன், போர்வையில் ரோஜா இருந்தது, மூலையில் கையெழுத்து இருந்தது. "1909 ஒரிஜினல் வெர்ஷன், லண்டன் இம்போர்ட்" என்றார் கடை நடத்துகிற அம்மா. உள்ளேயிருந்து கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டி ஒன்று வந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்றேன்.

"இங்க வேணாம் சார். உங்க வீட்ல, உங்க கைதான் முதல்ல படணும்."

பில் கேட்டேன். அப்போதுதான் அந்த எனர்ஜிக் கதை வந்தது, கூடவே இன்னொன்றும். முதல் டெக்கைக் காசு கொடுத்து வாங்கக் கூடாதாம், பரிசாகத்தான் வர வேண்டுமாம். "அதனால நாங்க கிஃப்ட்டா கொடுக்கறோம். நீங்க எக்ஸ்சேஞ்சா ஒரு அமௌன்ட் அனுப்பிடுங்க. நோட்ல கிஃப்ட்னு போட்டுடுங்க சார், மறந்துடாதீங்க."

இந்த நம்பிக்கை டாரட் படிக்கிறவர்கள் மத்தியில் உலாவுவது உண்மைதான். வரலாற்றில் அதற்கு வேர் கிடையாது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தபோது சீட்டாட்டம். பணக்காரர்கள் ஓவியரை வைத்து வரையச் சொன்னார்கள், மற்றவர்கள் அச்சடித்த கட்டைக் காசு கொடுத்து வாங்கி ஆடினார்கள். பிரான்ஸில் இன்னமும் ஆடுகிறார்கள். குறி சொல்லும் பழக்கம் பரவலாக ஒட்டிக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில்தான். நம்புகிறவர்கள் நம்பட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த நம்பிக்கை கடைக்கு எப்படிப் பயன்படுகிறது பாருங்கள்: பில் கிடையாது, வரி கிடையாது, விற்றதற்கே சாட்சி கிடையாது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். யு.எஸ். கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் போடுகிற வழக்கமான டெக் கிட்டத்தட்ட 70க்கு 120 மில்லிமீட்டர். இது அகலத்திலும் உயரத்திலும் விரல் தடிமன் குறைவு. அட்டை அவ்வளவு மெலிசு. மயிலாப்பூர் குளக்கரையில் கிளி எடுத்துப் போடுகிற அட்டை இதைவிட உறுதியாக இருக்கும். கூட வர வேண்டிய விளக்கப் புத்தகம் இல்லை, பதிலுக்கு ஒரு கியூஆர் கோடு, ஸ்கேன் செய்தால் திறக்கவே இல்லை. வாள் ஒன்பதைத் தேடி எடுத்தேன். போர்வையில் ரோஜாவும் இல்லை, ராசியும் இல்லை, ஊதாவும் பழுப்புமாக ஏதோ கறை. பல கார்டுகளில் ஓரத்தை நெருக்கி வெட்டியதில் ஸ்மித்தின் கையெழுத்து பாதி போய்விட்டது. பாவம், பெட்டியில்தான் பெயர் இல்லை என்றால் இங்கேயும் இல்லை.

எண்ணினேன். சரியாக 78. அப்புறம் கோல், கோப்பை, வாள், காசு என்று பிரித்து அடுக்கியபோதுதான் தெரிந்தது, கோல் நான்கு இரண்டு இருக்கிறது, கோப்பை நான்கு இல்லவே இல்லை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே போடுகிறேன். கோல் நான்கு, கல்யாணம் காட்சி என்று கொண்டாட்டத்துக்கு உரிய கார்டு என்பது தெரிந்தால்தான் இதன் சுவை புரியும். "ரெண்டு கோல் நாலு வந்திருக்குன்னா உங்க வீட்ல சீக்கிரம் விசேஷம் நடக்கப் போகுது சார். டெக் உங்களுக்கு மெசேஜ் கொடுக்குது." பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "டெக் உங்களைத் தேர்ந்தெடுத்துடுச்சு. உங்க எனர்ஜி ஏறினதை நாங்க வேற யாருக்கும் கொடுக்க முடியாது. ஒத்துப்போகலைன்னா க்ளென்சிங் செஷன் இருக்கு, 1,500 தான்." அதற்கு நான் எழுதிய பதில் இங்கே வேண்டாம். பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

திருவல்லிக்கேணியில் நான் வழக்கமாக வேலை கொடுக்கிற பிரஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு லென்ஸை வைத்தார். கார்டைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை, பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் பார்த்தார்.

"தம்பி, கறுப்பு எழுத்துன்னா கறுப்பு பிளேட் ஒண்ணுலதானே வரணும்? இதுல நாலு கலரும் புள்ளியா நிக்குது பாருங்க. அச்சடிச்ச பெட்டியை ஸ்கேன் பண்ணி மறுபடி அடிச்சிருக்கான்."

பார்த்தேன். எழுத்தின் விளிம்பில் சிவப்பும் நீலமும் பிசிறு தட்டியிருந்தன. கார்டில் இன்னும் மோசம். ஏற்கெனவே புள்ளிகளாக அச்சான படத்தை ஸ்கேன் செய்து மறுபடி புள்ளியாக்கும்போது, புள்ளி மேல் புள்ளி விழுந்து துணி நெய்தது போல அலை அலையாக ஒரு கோலம் வரும். வானம், தரை என்று ஒரே நிறமாக இருக்கிற இடங்களில் வெறும் கண்ணுக்கே தெரியும். பாய் அட்டையை லேசாக வளைத்து விட்டார், அது வளைந்தபடியே நின்றது. "இதை எவ்ளோக்கு வாங்குனீங்க?" என்றார். சொன்னேன். பக்கத்தில் மடிப்பு வேலை செய்துகொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்மித்தின் படங்களை இந்தியாவில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நம் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை, அது 2011 முடிவோடு போய்விட்டது. சிவகாசியில் யாராவது நல்ல அட்டையில், நல்ல ஸ்கேனிலிருந்து அடித்து, 'சிவகாசியில் அச்சிட்டது' என்று போட்டு விற்றால் முதல் ஆளாக நான் வாங்குவேன். இங்கே நடந்தது, ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுத்தது. அதுவும் '1909 ஒரிஜினல்' என்ற பெயரில். நிஜமாகவே அந்தக் காலத்து அச்சு என்றால் அது ஏலத்துக்குப் போகிற பொருள், அடையாறு மாடியில் கண்ணாடித்தாள் சுற்றிக் கிடைக்காது. இப்போது வரைந்துகொண்டிருக்கிற ஓவியர்களின் டெக்கை இதே மாதிரி அடித்து விற்பது இன்னும் கொடுமை. அது நேரடித் திருட்டு, அவர்கள் சோற்றில் கை வைப்பது.

வாங்கப் போகிறவர்கள், உங்களுக்குக் கொடுக்கப்போகிற அதே பெட்டியைக் கடையிலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சாம்பிள் டெக் எதற்கும் சாட்சி இல்லை. ஆன்லைன் என்றால் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதிச் சரக்கு என்று சொன்னால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்ஆர்பி எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும், பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகளில் அது கட்டாயம். என் பெட்டியில் ஒரு ஸ்டிக்கரும் இல்லை. எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வகை பிரித்து அடுக்குங்கள். எந்த டெக்காக இருந்தாலும் சின்ன அர்க்கானாப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் எப்போதும் சூரியன், நிலா, காதலர்கள் என்று பெரிய அர்க்கானாதான் பளபளக்கும். மீதி 56இல் வெறும் கோப்பையும் வாளும் எண்ணி வைத்த டெக்குகளும் உண்டு. ஆட்டத்துக்கு அது போதும், படத்துக்காக வாங்குகிறவருக்கு ஏமாற்றம்தான். பளபள லேமினேஷன் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும் என்பது என் அபிப்பிராயம், மேட் பரவாயில்லை. தங்க விளிம்பு உங்கள் இஷ்டம்.

பில் இல்லை, இனி என்ன செய்ய முடியும் என்று விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில், பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். எனர்ஜி ஏறிவிட்டால் எடுக்க வேண்டாம் என்று விலக்கு எதுவும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். யூபிஐ பரிவர்த்தனை எண், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அந்த 'விசேஷம்' மெசேஜ் எல்லாம் சேர்த்தாயிற்று. நோட்டில் கிஃப்ட் என்று போட்டதுதான் இடிக்கும் என்று பயந்தேன். ஆனால் அப்படிப் போடச் சொன்னதே அவர்கள்தான் என்பது வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது, "கிஃப்ட்னு போட்டீங்களா சார்?" என்று ஞாபகப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். இதில் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை.

புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. புகார் போன பிறகு அவர்கள் பக்கத்தைத் தங்கை போனிலிருந்து பார்த்தேன். '1909 ஒரிஜினல்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'ப்ரீமியம் கலெக்டர்ஸ் எடிஷன்' என்று மாற்றியிருக்கிறார்கள். விலை 2,950 ஆகியிருக்கிறது.