டர்பனில் தமிழ்ப் புத்தகம் அச்சிடப் பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு: என் 24,500 ராண்ட் போய்விட்டது

24,500 ராண்ட். எழுதும்போதே வயிறு எரிகிறது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று தென்னாப்பிரிக்காவில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு ஈடாக என் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. உள்ளே நூறு பிரதிகள். நூறில் ஒன்றைக்கூட யாராலும் படிக்க முடியாது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. எழுத்தாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் இணையவழிச் சேவை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. “எல்லா இந்திய மொழிகளிலும் அழகிய பதிப்பு” என்று விளம்பரம் செய்துவிட்டு அந்த மொழிகளில் ஓர் எழுத்தையும் அடையாளம் காணத் தெரியாதவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

புத்தகம் என்னவென்று கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. சமூகம், அரசியல், மக்கள் பாடும் பாட்டு ஆகிய மூன்றையும் பற்றி நான் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கட்டுரைகள் அவை. இந்த நாட்டில் மூன்றையும் பிரிக்கவே முடியாது. இங்கே தேர்தல் மேடையில் தலைவர் பேசுவதற்கு முன் பாடுகிறார். சில நேரங்களில் பேச்சை மக்கள் மறந்துவிடுகிறார்கள், பாட்டு மட்டும் நிற்கிறது. டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த எங்கள் குடும்பங்களை நிறவெறி ஆட்சியின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் பெயர்த்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் கொட்டியபோது, வீடு போனது, தோட்டம் போனது. தெருக்கூத்தும் பஜனையும் மட்டும் கூடவே வந்தன. இன்று அதே சாட்ஸ்வொர்த்தில் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முடிந்த கையோடு அமாபியானோ ஒலிக்கிறது. ஹௌட்டெங் மாகாணத்துக் கறுப்பின நகரியங்களில் பிறந்த இசைக்கு என் பேத்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுகிறாள். இதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்களோடு நான் நடத்திய சண்டைதான் முதல் கட்டுரை.

நான் அதிகம் உழைத்தது 2002-ஐப் பற்றிய கட்டுரைக்கு. ‘சரஃபினா’ இசைநாடகத்தை உருவாக்கிய ம்பொங்கெனி ங்கேமா, அந்த ஆண்டு ‘அமாண்டியா’ (இந்தியர்கள்) என்று இந்தியர்களைக் குற்றம்சாட்டி ஒரு ஜூலு மொழிப் பாட்டு வெளியிட்டார். நெல்சன் மண்டேலாவே அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஒலிபரப்புப் புகார் ஆணையம் அதை வெறுப்புப் பேச்சு என்று தீர்ப்பளித்தது. பாட்டு என்னையும் சுட்டது, மறுக்கவில்லை. ஆனால், பாட்டை நிறுத்திவிட்டால் அதைப் பாடவைத்த மனக்குறை நின்றுவிடுமா? நம் கடைகளில் வேலை செய்த ஜூலு மக்களை நாம் எப்படி நடத்தினோம் என்று நம் வீட்டுக்குள் ஒருமுறையாவது பேசியிருக்கிறோமா? 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், உயிரிழந்தபோது, அந்த நாட்களில் வாட்ஸ்அப் குரல்பதிவுகள் தெருத்தெருவாகப் பயத்தை விதைத்தபோது, எனக்கு இந்தக் கேள்வி திரும்பவும் வந்தது. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: காது கொடு, பிறகு பதில் சொல்.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

விளம்பரத்தைப் பார்த்து விசாரித்தேன். மறுநாளே ஒரு பெண் அழைத்தார். குரலிலேயே பாசம். “வணக்கம் அங்கிள்” என்றார். ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவோம் என்றார். “எங்கள் பாட்டி தமிழ்ப் பாட்டு நன்றாகப் பாடுவார், அங்கிள். எங்களுக்குத்தான் ஒரு வரியும் படிக்கத் தெரியாமல் போய்விட்டது. உங்களைப் போன்றவர்கள் எழுதினால்தான் உண்டு” என்றார். நான் என்ன கல்லா? இந்த ஊரில் தமிழில் எழுதுகிறேன் என்று சொன்னால் “யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்டவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். ஒருவர் முதல்முறையாக “எழுதுங்கள்” என்கிறார். மாதிரிப் பக்கம் ஒன்றும் அனுப்பினார். எழுத்து பளிச்சென்று, வரி ஒழுங்காக, ஒரு பிழையும் இல்லை. அது யாருடைய புத்தகம், யார் அச்சிட்டது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

எழுத்துத் திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, நூறு பிரதிகள் எல்லாம் சேர்த்து 24,500 ராண்ட். “மாத முடிவுக்குள் கட்டினால் இந்த விலை” என்றார். அதில், ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு என்று தனியாக 1,900 ராண்ட் போட்டிருந்தார்கள். அந்த எண்ணை இந்த நாட்டுத் தேசிய நூலகம் இலவசமாகக் கொடுக்கிறது! ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். இலவசமாகக் கிடைப்பதற்கு விலைச்சீட்டு ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

பெட்டிகள் வந்தன. பிரித்தேன். முதல் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. ‘கொ’ என்ற எழுத்து மூன்று துண்டாகக் கிடந்தது. பந்தியில் இலை கிடைக்காத விருந்தாளி மாதிரி கொம்புகள் ஒவ்வொன்றும் தன் எழுத்தை விட்டு விலகி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றன. மெய்யெழுத்துகளின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறியிருந்தது. சில பக்கங்களில் வெறும் கட்டங்கள். சென்னையில் அச்சுத்தொழிலில் இருக்கும் நண்பருக்குப் படம் அனுப்பினேன். அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: யூனிகோடு தமிழை, இந்திய எழுத்துகளைக் கோத்து அடுக்கும் வசதியை இயக்காமல் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அப்படியே கொட்டியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒரே ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்கும். அப்படி ஒருவர் அங்கே இல்லை. “எழுத்துத் திருத்தம்” என்று 24,500-இல் வாங்கிய பங்கு யாருக்குப் போனது?

அதைவிடக் கொடுமை பின்னட்டை. அதில் மட்டும் எழுத்து உடையவில்லை. படமாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். “இந்தியர்களை இழிவுபடுத்திய பாடலுக்குச் சவுக்கடி!” என்று கொட்டை எழுத்தில். நான் எழுதியதற்கு நேர் எதிர். உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது, வெளியே இருக்கும் இந்த நஞ்சை மட்டும் எல்லாரும் படிக்கலாம். இந்த ஊரில், 2021-க்குப் பிறகு, என் பெயரைப் போட்டு இப்படி ஒரு வரி. பணம் போனதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இனி அவர்கள் தட்டிக்கழித்த அழகைக் கேளுங்கள். முதலில், “உங்கள் கணினியில் எழுத்துரு இல்லை, அங்கிள்.” கையில் இருப்பது அச்சிட்ட காகிதம் அம்மா, கணினி இல்லை என்றேன். பிறகு, “மின்வெட்டில் கோப்பு கெட்டுப்போயிருக்கலாம்.” பிறகு, “எங்கள் தமிழ் நிபுணர் விடுப்பில் இருக்கிறார்.” அந்த நிபுணரின் பெயரைக் கேட்டேன், அழைப்பு துண்டிக்கப்பட்டது. அப்புறம் அந்தப் பெண் எடுப்பதே இல்லை. வேறொருவர் வந்தார். “மரியாதைக்குரிய வாடிக்கையாளரே, அச்சுக்கு முன் உங்களுக்கு மாதிரி அனுப்பி ஒப்புதல் பெற்றோம்” என்றார். அவர்கள் அனுப்பியது அட்டையின் முன்பக்கப் படம் மட்டும். உள்ளே ஒரு பக்கமும் காட்டவில்லை. கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்தார்கள்: 9,000 ராண்ட் கட்டினால் மறுபடி அச்சிட்டுத் தருவார்களாம்! 24,500 விழுங்கிய வாய்க்கு இன்னும் 9,000 வேண்டுமாம்.

முகவரிக்கே நேரில் போனேன். டர்பனுக்கு வடக்கே கண்ணாடிக் கட்டடம். வரவேற்பில் இருந்த பையன் நல்லவன், உண்மையைச் சொன்னான்: அங்கே மேசைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள், அந்த நிறுவனத்துக்குக் கடிதம் வந்தால் வாங்கி வைப்பார்கள், அவ்வளவுதான். காவல் நிலையத்தில், “பொருள் கொடுத்திருக்கிறார்களே ஐயா, இது சிவில் தகராறு” என்றார்கள். வங்கியில், உடனடிப் பரிமாற்றமாகப் போன பணத்தைத் திருப்ப முடியாது என்றார்கள்.

இன்னொரு விஷயம். பணம் போய்ச் சேர்ந்த பிறகு “புதுப்பிக்கப்பட்ட விதிமுறைகள்” என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தினாலே ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம். அதன் நடுவில் ஒரு வரி: நூலின் ஒலிவடிவம், மொழிபெயர்ப்பு, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் எல்லாவற்றிலும் உரிமை அவர்களுக்கு, என்றென்றைக்கும். இந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால், அவர்கள் உடைத்துப்போட்ட அதே புத்தகத்தில் சாலமன் லிண்டாவைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. நம் குவாசூலு-நட்டாலின் பிள்ளை. 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ பாட்டைப் பதிவுசெய்து, உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்தவர். அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய் 1961-இல் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்ற உறங்கும் சிங்கத்தின் பாட்டாக மாறி உலகத்தையே சுற்றியது. அவர் மறுவருடம் ஏழையாக இறந்தார். ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தைத் தோண்டியெடுத்து, அந்தப் பாட்டைப் படத்தில் பயன்படுத்திய டிஸ்னி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்ட பிறகுதான், 2006-இல் சமரசமாகி அவர் மகள்களுக்குப் பணம் வந்தது. என்னுடையது உலகம் சுற்றும் பாட்டில்லை, தெரியும். ஆனால் பத்து ஷில்லிங்காவது லிண்டாவின் கைக்கு வந்தது. நான் 24,500 ராண்ட் கொடுத்து உரிமையையும் கொடுத்திருக்கவேண்டும் என்கிறார்கள்!

இவர்கள் தைரியம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம்மிடமிருந்துதான். இங்கே தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் பத்து வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவரைத் தேடவேண்டியிருக்கிறது. எழுத்து உடைந்தால் என்ன, வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் மகனே புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “நன்றாக வந்திருக்கிறதே அப்பா” என்றான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சொந்தக் கட்டுரையிலிருந்து ஒரு முழுப் பக்கத்தை அச்சிட்டுக் காட்டாமல் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். அதில் கொ, கௌ, ஸ்ரீ எல்லாம் இருக்கட்டும். பின்னட்டையையும் கேளுங்கள். முழுத் தொகையை ஒரே தடவையில் கட்டாதீர்கள். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்திடம் நீங்களே வாங்குங்கள். அவர்களே உங்களைத் தேடிவந்து விற்றிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து வேலைநாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், எழுத்தில் செய்யுங்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் தேவையில்லை, ஆனால் 2019-இல் வைத்த உச்சவரம்பு 20,000 ராண்ட். 24,500 என்று விலை வைத்தவன் அதைத் தெரியாமலா வைத்திருப்பான்? மிச்சம் 4,500-ஐத் தலைமுழுகிவிட்டு 20,000-க்கு வழக்குப் போடலாமாம். கோரிக்கைக் கடிதம் எழுதிவிட்டேன், 14 நாள் கெடு வைத்து. அந்தக் கண்ணாடிக் கட்டடத்துப் பையன் வாங்கி வைத்திருக்கிறான்.