சந்தேகத்தைப் பதிவிடும் முன்: அக்கம்பக்கக் கண்காணிப்புச் செயலிகள் பற்றிய மதிப்புரை

குடியிருப்புப் பகுதியில் நடக்கும் திருட்டையும் ஐயத்துக்கிடமான நடமாட்டத்தையும் அக்கம்பக்கத்தாருக்கு உடனே தெரிவிக்கும் சேவைகளில் நெக்ஸ்ட்டோர், சிட்டிசன், வாசல் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் நெய்பர்ஸ் ஆகிய மூன்றையும், எவரும் தொடங்கிவிடக்கூடிய வாட்ஸ்அப் குழுக்களையும் இங்கே மதிப்பிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகத்துக்குரியவர் என்று பத்துத் தெருக்களுக்கு அறிவிக்கும் முன், அந்தச் சேவை பதிவிடுபவரிடம் என்ன கேட்கிறது?

இந்தக் கேள்விக்கு ஓரளவு நேர்மையாக விடை சொல்வது நெக்ஸ்ட்டோர். 2011இல் அமெரிக்காவில் அறிமுகமான இச்செயலியில், கறுப்பினத்தவர் தெருவில் நடந்து சென்றதையே குற்றம்போல் சிலர் பதிவிடுவதாக 2015இல் ஓக்லண்ட் நகர மக்கள் முறையிட்டனர். அடுத்த ஆண்டு நிறுவனம் குற்றப் பதிவுக்கான படிவத்தையே மாற்றியது. ஒருவரின் இனத்தைக் குறிப்பிட்டால், உடை, காலணி, தலைமுடி போன்ற வேறு அடையாளங்களையும் எழுதியாக வேண்டும். இனத்தை வைத்துச் சந்தேகிக்கும் பதிவுகள் இதனால் 75 விழுக்காடு குறைந்தன என்பது நிறுவனத்தின் கூற்று. அந்த எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு: அச்சத்தில் தட்டச்சு செய்யும் விரலை அரை நிமிடம் நிறுத்தி, 'அவர் உண்மையில் என்ன செய்தார்?' என்று எண்ணிப் பார்க்க வைக்கிறது அந்தப் படிவம். பதிவுகளை நேரே காவல்துறைக்கு அனுப்பும் வசதியையும் 2020இல் நீக்கினார்கள்.

சிட்டிசன் இதற்கு நேர் எதிர். 2016இல் 'விஜிலான்டி' (சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்பவர்) என்ற பெயரில் வந்து, ஆப்பிள் நிறுவனத்தால் உடனே நீக்கப்பட்டு, மறு ஆண்டு பெயர் மாறித் திரும்பிய செயலி அது. அவசர சேவைகளின் வானொலி உரையாடல்களைக் கேட்டு எச்சரிக்கைகளை அனுப்புவதால், எவரோ ஒருவர் சொன்ன சரிபார்க்கப்படாத தகவலும் நிகழ்வாகவே கைப்பேசியில் ஒலிக்கிறது. 2021 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே தீப்பிடித்தபோது, தீ வைத்தவர் என்ற சந்தேகத்தில் ஒருவரின் படத்தை வெளியிட்டு, அவரைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 30,000 டாலர் பரிசு என்று இச்செயலி அறிவித்தது. அவருக்கு எதிராக ஆதாரமில்லை என்று காவலர்கள் அவரை விடுவித்தனர். பின்னர் வேறொருவர் கைதானார். ஒரு மனிதரின் முகத்தை இத்தனை எளிதாகப் பணயம் வைத்த சேவையை என்னால் பரிந்துரைக்க இயலாது.

நெய்பர்ஸ், வாசல் கேமராவின் காட்சிகளைப் பகிர்வதற்கே பெரும்பாலும் பயன்படுகிறது. வாசலில் நின்றவர் முகம் தெரியும். ஏன் நின்றார் என்பது தெரியாது.

வாட்ஸ்அப் குழுவில் படிவம் எதுவும் இல்லை; நிர்வாகியே எல்லாம். 2018இல் குழந்தைக் கடத்தல் வதந்திகள் இந்தியாவில் உயிர்களைப் பறித்தபின், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி நிறுவனம் வரம்பிட்டது. ஆனால், நெதர்லாந்தின் தெருக் குழுக்கள் பின்பற்றும் ஒழுங்கு வேறு வழியைக் காட்டுகிறது: முதலில் கவனி, பிறகு அவசர எண்ணை அழை, அதன் பின்னரே குழுவில் எழுது. நான் இருந்த குழுவில் இப்படியொரு விதி இல்லை. முகவரி தேடி நின்ற பார்சல் ஊழியர் ஒருவரின் படம் 'வேவு பார்க்கிறான்' என்ற வரியுடன் வந்து, சில நிமிடங்களில் மற்றக் குழுக்களுக்கும் சென்றுவிட்டது. மறுநாள் ஒருவர் இட்ட திருத்தத்தை யாரும் எங்கும் பகிரவில்லை. அந்த இளைஞரை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஐந்துக்கு என் மதிப்பெண்கள்: நெக்ஸ்ட்டோர் 3, நெய்பர்ஸ் 2, சிட்டிசன் 1. வாட்ஸ்அப் குழுவில் சேரும் முன் அதன் விதிகளை நிர்வாகியிடம் கேளுங்கள்; முன்பின் தெரியாதவரின் படத்தைப் பதிவிட அனுமதிக்கும் குழுவில் சேர வேண்டாம். இச்சேவைகளை நடத்துவோரிடம் நான் வேண்டுவது ஒரு வசதி: தவறான பதிவைக் கண்ட ஒவ்வொருவரின் கைப்பேசிக்கும் அதன் திருத்தமும், முதல் எச்சரிக்கை எழுப்பிய அதே ஒலியுடன் சென்று சேர வேண்டும்.