பேஜில் பெயர் உங்களுடையது, உரிமை ஏஜென்சியுடையது: சோஷியல் மீடியா 'செட்டப் பேக்கேஜ்' எடுப்பவர்கள் கவனத்துக்கு

தொழிலுக்கு ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம் கணக்கு எல்லாம் தொடங்கித் தருகிறோம் என்று வருபவர்களில் நேர்மையாக வேலை செய்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் ஏமாற்றுபவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் ஏமாற்றுகிறார்கள். அந்த வழி தெரிந்தால் முதல் நாளே தடுத்துவிடலாம்.

மரச்சாமான் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு நடந்தது இது. லோகோ, கவர் படம், வாராவாரம் போஸ்ட், மாத விளம்பரம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். சொன்னபடி பேஜ் வந்தது. ஃபாலோயர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. விசாரிப்பு மட்டும் அந்த அளவுக்கு வரவில்லை. சரி, நிறுத்திக்கொள்கிறோம், பேஜை ஒப்படையுங்கள் என்று கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. பேஜை உருவாக்கியது உரிமையாளரின் ஐடியில் இல்லை, நிறுவனத்தின் பெயரில் ஏஜென்சியே தொடங்கிய ஒரு போலி ஐடியில். பேஜ் இருந்தது ஏஜென்சியின் பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள். விளம்பரம் ஓடியது ஏஜென்சியின் ஆட் அக்கவுன்ட்டில். உரிமையாளருக்குக் கொடுத்திருந்தது போஸ்ட் போடவும் மெசேஜுக்குப் பதில் சொல்லவும் மட்டும் அனுமதி. 'டிரான்ஸ்ஃபர் சார்ஜ்' என்று ஒரு தொகை கேட்டார்கள். தர முடியாது என்றதும் அந்த அனுமதியும் போய்விட்டது. அளவு, மரம், நிறம் என்று வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த மெசேஜ்கள் முழுவதும், முன்பணம் கொடுத்தவர்களுடையதும் சேர்த்து, அந்த இன்பாக்ஸில் மாட்டிக்கொண்டன.

இதில் கடினமான தந்திரம் எதுவும் இல்லை. ஃபேஸ்புக் பேஜ் எப்படி இயங்குகிறது என்று உரிமையாளருக்குத் தெரியாது என்பதை மட்டுமே வைத்து நடந்த மோசடி.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஃபேஸ்புக் பேஜுக்கென்று தனியாக பாஸ்வேர்டு கிடையாது. ஒரு தனிநபர் ஐடியிலிருந்துதான் பேஜைத் தொடங்க முடியும், அந்த ஐடிக்குக் கொடுத்திருக்கும் அனுமதியை வைத்துத்தான் நிர்வகிக்க முடியும். 'இதோ உங்கள் பேஜ் பாஸ்வேர்டு' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அது ஏதோ ஒரு ஐடியின் பாஸ்வேர்டு. பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாக வெட்டிப் போட்டுத் தொடங்கிய போலி ஐடி. இப்படிப்பட்ட ஐடிகளை ஃபேஸ்புக் எந்த நேரமும் முடக்கலாம். அடையாள அட்டை கேட்டால் காட்ட அந்தப் பெயரில் மனிதரே இல்லை. பேஜுக்கு அந்த ஐடி ஒன்றுதான் அட்மின் என்றால், ஏஜென்சி நல்லவர்களாகவே இருந்தாலும் பேஜ் கைவிட்டுப் போய்விடும். ஆகவே பாஸ்வேர்டு எழுதிய தாளை நீட்டுபவரிடம் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

இப்போது உங்கள் நிலைமை என்ன என்று பார்க்க, பேஜுக்கு மாறிக்கொண்டு செட்டிங்ஸுக்குள் 'பேஜ் ஆக்சஸ்' என்ற பகுதியைத் திறங்கள். அதில் இரண்டு வகைப் பெயர்கள் இருக்கும். 'ஃபேஸ்புக் ஆக்சஸ்' உள்ளவர்கள் ஒரு வகை, 'டாஸ்க் ஆக்சஸ்' உள்ளவர்கள் இன்னொரு வகை. ஃபேஸ்புக் ஆக்சஸிலும் 'ஃபுல் கன்ட்ரோல்' உள்ளவர்தான் மற்றவரைச் சேர்க்கவும் நீக்கவும் பேஜையே அழிக்கவும் முடியும். உங்கள் ஐடி அங்கே ஃபுல் கன்ட்ரோலோடு இல்லையென்றால், அல்லது அந்தப் பகுதியே உங்களுக்குத் திறக்கவில்லை என்றால், நீங்கள் அந்தப் பேஜில் வேலையாள் மட்டும்தான். போஸ்ட் போட முடிகிறதே, இன்பாக்ஸ் தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது இரண்டும் டாஸ்க் ஆக்சஸிலேயே கிடைக்கும்.

அதற்கு மேலே இருப்பது பிசினஸ் போர்ட்ஃபோலியோ. பழைய ஆட்கள் இன்னும் பிசினஸ் மேனேஜர் என்றுதான் சொல்வார்கள். பேஜ், இன்ஸ்டாகிராம், ஆட் அக்கவுன்ட், பிக்சல் (வெப்சைட்டுக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பதியும் சிறு நிரல்) எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. ஒரு பேஜை ஒரே ஒரு போர்ட்ஃபோலியோதான் சொந்தமாக வைத்திருக்க முடியும். மற்ற போர்ட்ஃபோலியோக்கள் அந்தப் பேஜில் வேலை செய்யும் அனுமதி மட்டும் வாங்கலாம். பேஜ் ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவுக்குள் போய்விட்டால், அவர்கள் விடுவிக்காமல் உங்கள் போர்ட்ஃபோலியோவுக்குள் அதைக் கொண்டுவர முடியாது.

ஏஜென்சி உங்கள் பேஜைத் தன் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கும்போது உங்களுக்கு ஒரு கோரிக்கை வரும். 'பேஜைச் சேர்க்க' என்று வருவது உரிமையைக் கேட்பது. 'அனுமதி வேண்டும்' என்று வருவது வேலை செய்ய மட்டும் கேட்பது. போனில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 'ஒரு நோட்டிஃபிகேஷன் வரும், அப்ரூவ் பண்ணிடுங்க' என்று போனில் சொல்வார்கள், பலரும் அப்படியே அழுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு வார்த்தையும் படித்த பிறகு அழுத்துங்கள்.

சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. உங்கள் சொந்த ஐடியில் பேஜைத் தொடங்குங்கள். business.facebook.com என்ற முகவரிக்குச் சென்று, தொழிலின் பெயரிலும் தொழிலுக்கான மின்னஞ்சலிலும் போர்ட்ஃபோலியோ ஒன்றைத் தொடங்கி, பேஜை அதில் சேருங்கள். குடும்பத்திலோ பங்குதாரரிலோ நம்பிக்கையான இன்னொருவருக்கும் ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள். ஒரே ஆளின் ஐடி முடங்கினால் எல்லாமே முடங்கும் என்பதால்தான் இது. பிறகு ஏஜென்சியிடம் அவர்களுடைய பிசினஸ் ஐடி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போர்ட்ஃபோலியோ செட்டிங்ஸில் 'பார்ட்னர்ஸ்' பகுதிக்குள் அந்த எண்ணைப் போட்டு, எந்தப் பேஜ், எந்த ஆட் அக்கவுன்ட், என்னென்ன வேலை என்று தேர்ந்தெடுத்துப் பகிருங்கள். போஸ்ட், மெசேஜ், விளம்பரம், இன்சைட்ஸ் (பேஜின் புள்ளிவிவரங்கள்) இவை போதும், ஃபுல் கன்ட்ரோல் வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் பார்ட்னரை நீக்கினால் அவர்களுடைய ஊழியர்கள் அத்தனை பேரின் அனுமதியும் ஒரே நேரத்தில் போய்விடும். தொழில் தெரிந்த ஏஜென்சி இந்த முறையைத்தான் தானாகவே கேட்கும். பிசினஸ் ஐடி கேட்டால் விழிப்பவர்களையும், 'அதெல்லாம் வேண்டாம் சார், உங்க பாஸ்வேர்டு குடுங்க போதும்' என்பவர்களையும் அனுப்பிவிடுங்கள்.

ஆட் அக்கவுன்ட் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பேஜையாவது ஒரு போர்ட்ஃபோலியோவிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். ஒரு போர்ட்ஃபோலியோவுக்குள் தொடங்கிய ஆட் அக்கவுன்ட் கடைசிவரை அதற்குத்தான் சொந்தம். ஏஜென்சி மனது வைத்தாலும் அதைத் தூக்கித் தர முடியாது. விளம்பரத்தின் முழு வரலாறு, அதில் சேர்த்த கஸ்டம் ஆடியன்ஸ் (விளம்பரம் காட்டுவதற்காகச் சேமித்த ஆட்களின் பட்டியல்) எல்லாம் அங்கேயே தங்கிவிடும். ஆகவே ஆட் அக்கவுன்ட்டை உங்கள் போர்ட்ஃபோலியோவிலேயே தொடங்கி, உங்கள் கார்டையே போடுங்கள். தொடங்கும்போது நாணயத்தையும் நேர மண்டலத்தையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் மாற்ற நினைத்தால் புது அக்கவுன்ட்தான். வெப்சைட்டில் வைக்கும் பிக்சலும் அப்படியே, உங்கள் போர்ட்ஃபோலியோவில் உருவாக்கி ஏஜென்சிக்குப் பகிருங்கள்.

பணம் அதிகம் போவது இங்கேதான். 'விளம்பரத்துக்கு இவ்வளவு, எங்கள் கட்டணம் இவ்வளவு' என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு, விளம்பரத்துக்கு அதில் சிறு பங்கு மட்டும் போடுவார்கள். மாதக் கடைசியில் ஸ்கிரீன்ஷாட் வரும். பிரவுசரில் தெரியும் எண்களை 'இன்ஸ்பெக்ட்' வசதி வழியாக யாரும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் ஆதாரமாகாது. ஆட்ஸ் மேனேஜரில் நீங்களே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பில்லிங் பகுதியில் பிடித்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது இருக்கும், தரவிறக்கிக்கொள்ளலாம். தேதி வரம்பையும் பாருங்கள். இந்த மாத ரிப்போர்ட் என்று சொல்லி, தொடக்கத்திலிருந்து இதுவரையான மொத்தத்தைக் காட்டுவது வழக்கமான வேலை.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆட் லைப்ரரி எல்லோருக்கும் திறந்தது, லாகின்கூட வேண்டாம். அதில் உங்கள் பேஜின் பெயரைத் தேடினால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களும், ஒவ்வொன்றும் தொடங்கிய தேதியும் வரும். விளம்பரம் ஓடுகிறது என்று ஏஜென்சி சொல்லும் நாளில் அங்கே ஒன்றும் இல்லையென்றால், உடனே கேள்வி கேளுங்கள்.

அடுத்தது ஃபாலோயர் கணக்கு. 'இத்தனை ஆயிரம் ஃபாலோயர் கேரன்ட்டி' என்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார். போலி ஃபாலோயர்களை மொத்தமாக வாங்கிப் போடுவார், இல்லையென்றால் ஏற்கெனவே ஃபாலோயர் உள்ள வேறு பேஜை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுப்பார். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது. பேஜின் 'அபவுட்' பகுதியில் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' என்று இருக்கும். பேஜ் தொடங்கிய தேதி, இதுவரை இருந்த பெயர்கள், வேறு பேஜோடு இணைத்தது போன்றவற்றை ஃபேஸ்புக் அங்கே காட்டுகிறது. நேற்றுத் தொடங்கிய உங்கள் தொழிலின் பேஜுக்குப் பல வருட வயதும், முன்பு ஒரு நகைச்சுவை மீம்ஸ் பெயரும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். போலி ஃபாலோயரைக் கண்டுபிடிக்க இன்சைட்ஸில் ஆடியன்ஸ் பகுதியைப் பாருங்கள். நீங்கள் பொருள் அனுப்பவே முடியாத நாடுகளிலிருந்து கூட்டம் வந்திருக்கும், ஆனால் போஸ்டுக்குக் கீழே நாலு லைக்தான் இருக்கும். இது வெறும் வெட்டிச் செலவு என்று விட்டுவிட முடியாது. போஸ்டைப் பார்த்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அதை இன்னும் எத்தனை பேருக்குக் காட்டுவது என்று ஃபேஸ்புக் முடிவு செய்கிறது. அசையாத கூட்டத்திடம் போஸ்ட் போனால் உண்மையான வாடிக்கையாளரிடமும் ரீச் குறைந்துவிடும். அந்த ஃபாலோயர்களை அடிப்படையாக வைத்து விளம்பர ஆடியன்ஸ் உருவாக்கினால் அதுவும் பாழ்.

இன்ஸ்டாகிராமில் முறை வேறு. அதற்கு நேரடி லாகின் உண்டு, எனவே கணக்கில் பதிந்திருக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் யாருடையது என்பதே எல்லாம். அக்கவுன்ட்ஸ் சென்டரில் இரண்டும் உங்களுடையதா என்று பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு உங்கள் போனில் இருக்க வேண்டும். அதன் பேக்கப் கோடுகளை எழுதி வையுங்கள். எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது, தெரியாததை நீக்குங்கள். இன்னொன்று, பிசினஸ் கணக்குக்கு எல்லாப் பாட்டையும் பயன்படுத்தும் உரிமை கிடையாது. சினிமாப் பாட்டைப் போட்டு ரீல்ஸ் செய்து தரும் ஏஜென்சியால் ஒலி முடக்கப்படுவதும், பதிப்புரிமைப் புகார் வருவதும் உங்கள் கணக்குக்குத்தான்.

லீட் ஃபார்ம் விளம்பரம் (பார்ப்பவர் தன் பெயர், எண் போன்றவற்றை அங்கேயே நிரப்பித் தரும் விளம்பரம்) ஓட்டுபவர்கள் ஒரு கெடுவை நினைவில் வைக்க வேண்டும். ஃபார்மை நிரப்பியவர்களின் விவரங்களை 90 நாட்கள் வரைதான் தரவிறக்க முடியும். ஏஜென்சி மட்டுமே அதை எடுத்து, வடிகட்டிய பட்டியலை உங்களுக்கு அனுப்பினால், முழுப் பட்டியலும் வேறு எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. வாராவாரம் நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.

மற்ற தளங்களிலும் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் தொழில் விவரம்) நீங்கள் 'பிரைமரி ஓனர்', ஏஜென்சி 'மேனேஜர்'. லிங்க்ட்இன் பேஜில் 'சூப்பர் அட்மின்' நீங்கள். யூடியூப் சேனலை உங்கள் கூகுள் கணக்கில் தொடங்கி, அனுமதிப் பகுதி வழியாக ஏஜென்சியை எடிட்டர் அல்லது மேனேஜர் ஆக்குங்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் முழுக்க இலவசம். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், வெரிஃபை செய்யக் கட்டணம்' என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள்.

ஏஜென்சியோடு கையெழுத்திடும் தாளில் பேஜ், ஆட் அக்கவுன்ட், பிக்சல், டொமைன், டிசைன்களின் மூலக் கோப்புகள் எல்லாம் தொழிலுக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கட்டும். லோகோவை வெறும் படமாக வாங்கினால் பெரிய பலகைக்கு அச்சிடும்போது உடைந்துபோகும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள், உறவு முறியுமுன் உரிமையைச் சரிசெய்யப் பாருங்கள். நிறுத்தப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். 'கணக்குத் தணிக்கைக்காக' என்றோ வேறு நியாயமான காரணத்துக்காகவோ உங்கள் ஐடிக்கு ஃபுல் கன்ட்ரோல் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்த அட்மின் மற்றவர்களை உடனே நீக்க முடியாமல் சில நாட்கள் தடை இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர்களின் தொடர்பு எண்களை இன்பாக்ஸிலிருந்து எழுதி எடுத்துவிடுங்கள். படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள்.

அனுமதி முழுவதும் போய்விட்டிருந்தால் மெட்டாவின் பிசினஸ் உதவிப் பக்கம் வழியாகத்தான் முறையிட வேண்டும். தொழில் பதிவுச் சான்று, உங்கள் அடையாள அட்டை, ஏஜென்சிக்குப் பணம் கட்டிய ரசீதுகள், ஒப்பந்தம், பேஜ் உங்களுடையது என்று அவர்களே ஒத்துக்கொண்ட மெசேஜ்கள், பேஜின் முழு முகவரி எல்லாம் தயாராக இருக்கட்டும். பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருந்தால் அந்த வழியிலும் புகார் தரலாம்.

பேஜ் போய்விட்டது என்று பொதுவில் எழுதியதும் இன்னொரு கூட்டம் வரும். 'இவர்தான் என் கணக்கை மீட்டுக் கொடுத்தார், இவரைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று கமென்ட் போடுவார்கள். 'மெட்டா சப்போர்ட்' என்று பெயர் வைத்த பேஜிலிருந்து மெசேஜ் வரும், 24 மணி நேரத்தில் உங்கள் பேஜ் அழிக்கப்படும் என்று லிங்க் அனுப்புவார்கள். மெட்டா இப்படி மெசஞ்சரில் வந்து பேசாது. உண்மையான எச்சரிக்கை இருந்தால் உங்கள் கணக்கின் சப்போர்ட் இன்பாக்ஸில் தெரியும். போனுக்கு வரும் லாகின் கோடை எவர் கேட்டாலும் தராதீர்கள்.